சந்தனம் வைத்த இடத்தில் மட்டும் சூடு

சூடு பார்க்கும் துப்பாக்கி என்று அதற்குப் பெயர் வைத்தது நாங்கள்தான். பெட்டியில் என்னவோ நீளமாக ஆங்கிலத்தில் போட்டிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ஸ்ரீ கெம்பாங்கானில் பிளாஸ்டிக் பை செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் மெக்கானிக்காக இருந்தபோது வந்து சேர்ந்த சாமான் அது. மஞ்சள் நிறம், நல்ல கனம். விசையை இழுத்தால் எதிரே சிவப்புப் புள்ளி விழும், முதுகில் எண் தெரியும். தொட வேண்டியதில்லை.

அதற்கு முன்பு இயந்திரத்தின் சூட்டை நாங்கள் கையால்தான் பார்த்தோம். புறங்கையை வைப்போம், பொறுக்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் கோளாறு. ஒருநாள் ஒருவர் அப்படிக் கையை நீட்டப் போய் பெல்ட் விரலை இழுத்துக்கொண்டது. தவுக்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, ஆடிப்போய்விட்டார். இனி யாரும் ஓடுகிற இயந்திரத்தைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டு, இந்தத் துப்பாக்கியை வாங்கிப் போட்டார். எண் பொய் சொல்லாது என்று மலாயில் அடித்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

பராமரிப்பு வேலைக்கு நாங்கள் இரண்டு பேர், நானும் என் நண்பனும். பிரிக்பீல்ட்ஸில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன், என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். பழைய இடத்தில் ஆட்குறைப்பு செய்து அவனை அனுப்பியபோது தவுக்கேயிடம் அழைத்துப் போய், ‘நல்லவன் பாஸ், நான் கேரண்டி’ என்று சொன்னவனும் நான்தான். கேரண்டியாம்! சொன்ன வாயில் ஆணியடிக்க வேண்டும்.

வார இறுதியில் துப்பாக்கியை நான் வீட்டுக்குக் கொண்டுபோக தவுக்கே விட்டுவிடுவார். ஆபீஸில் வைத்தால் ஆளாளுக்கு விளையாடி உடைத்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. சுவர், ஐஸ்பெட்டி, பக்கத்து வீட்டுப் பூனை, தொலைக்காட்சியின் முதுகு என்று ஒன்றையும் விடமாட்டாள். தோசைக்கல்லுக்கு நேரே நீட்டியபோது என் மனைவி கரண்டியை ஓங்கினாள்.

“கல்லுக்கு என்னா காய்ச்சலா? தண்ணி தெளிச்சா சொய்ங்னு கேக்குது, அது போதாதா ஒங்க ரெண்டு பேருக்கும்?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பன் வந்திருந்தான். மனைவி எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மகள் டம்ளரின் பக்கவாட்டைக் குறி பார்த்துச் சுட்டுவிட்டு, “முப்பத்தாறு! ஆறிப் போச்சு அங்கிள்” என்றாள். அவனும் நம்பி, விளிம்பைப் பிடித்து எடுத்து ஒரு மடக்குக் குடித்தான். அடேயப்பா, அவன் துள்ளிய துள்ளல்! நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, “பொய்யி லா இது! வெந்து போச்சுடா மச்சான்!” என்று கத்தினான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். மகள் மட்டும் அழும் நிலைக்குப் போய்விட்டாள். அவன்தான் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “அழாத செல்லம், அங்கிளுக்கு நாக்கு ரெண்டு இருக்கு” என்றான். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான், பாவி.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு எல்லாமே அவளைச் சுற்றித்தான் இருந்தது. மனைவி மருத்துவமனையில் தாதி. அவளுக்கும் ஷிப்ட், எனக்கும் ஷிப்ட். இரண்டும் மோதுகிற நாட்களில் பிள்ளை எதிர்வீட்டு ஆன்டியிடம் படுத்துக்கொள்ளும். நல்ல மனுஷி, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் தூங்குகிற பிள்ளையை அடுத்தவர் பாயிலிருந்து அள்ளிக்கொண்டு வருவதும், சில நாள் அள்ளாமலே வேலைக்கு ஓடுவதும் பெற்ற வயிற்றுக்குத் தெரியும்.  மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சீருடையை இஸ்திரி போடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் தவுக்கே ஒரு செய்தி சொன்னார். பராமரிப்புக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும். பகல் வேலை மட்டும். எங்கள் இருவரில் ஒருவருக்குத் தருவார். எனக்கு அன்றைக்கே மகளைப் பள்ளியிலிருந்து நானே கூட்டி வருவதுபோல் ஆகிவிட்டது. நண்பன் என் தோளில் கை போட்டான்.

“நீயே எடுத்துக்க மச்சான். எனக்கு என்னா, பிள்ளையா குட்டியா? நான் நைட்ல படுத்தா என்னா, பகல்ல படுத்தா என்னா?”

கண் கலங்கிவிட்டது எனக்கு. சத்தியமாகக் கலங்கியது.

ஆயுத பூசை வந்தது. தொழிற்சாலையில் தமிழர்கள் பாதிப்பேர், ஆகவே தவுக்கே பழம், பூ எல்லாம் வாங்கிக் கொடுத்து அவரும் வந்து நிற்பார். இயந்திரங்களை நிறுத்தித் துடைத்து விபூதிப் பட்டை போட்டு, சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைப்போம். மேடை மேல் இருந்த பெரிய காற்றாடிக்கு நான்தான் ஏறி வைத்தேன். அதன் தண்டைத் தாங்குகிற பேரிங் ஓர் அலுமினியக் கூட்டுக்குள் இருக்கும். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. கூட்டின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பினேன்.

மறுநாள் இயந்திரம் ஓடும்போது வழக்கம்போலத் துப்பாக்கியோடு மேடை ஏறினேன். கூட்டின் பளபளப்பில் சுட்டால் நாற்பது. எப்போதும் அதே நாற்பதுதான். சிவப்புப் புள்ளி கொஞ்சம் நகர்ந்து காய்ந்த சந்தனத்தின் மேல் விழுந்தது. தொண்ணூற்றைந்து! திரும்ப மெட்டலில் சுட்டேன், நாற்பது. சந்தனத்தில் சுட்டேன், தொண்ணூற்றைந்து. ஒரே கூடு, ஒரு சாண் தூரம் கிடையாது. சாமி குத்தமோ என்று ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொண்டது, பொய் சொல்வானேன்.

அப்புறம்தான் அந்தக் காப்பி டம்ளர் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போனதும் எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, பூசை மாடத்து விபூதியைக் குழைத்து வெளியே ஒரு பக்கம் மட்டும் பூசினேன். பளபளப்பில் முப்பத்தெட்டு. விபூதியில் எழுபத்தைந்து. பளபளப்பான உலோகம் கண்ணாடி மாதிரி, தன் சூட்டைக் காட்டாமல் எதிரே இருக்கிறதன் சூட்டைக் காட்டிவிடுகிறது. அப்படியானால் அந்த பேரிங் இத்தனை நாளும் உள்ளே வெந்துகொண்டிருந்திருக்கிறது. இதைத் தவுக்கேயிடம் காட்டினால் இயந்திரமும் பிழைக்கும், பகல் வேலையும் எனக்குத்தான்.

இதை நான் முதலில் யாரிடம் சொன்னேன்? வேறு யாரிடம் சொல்வேன்! தொழிற்சாலைக்கு எதிரே இருந்த ஒட்டுக்கடையில் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய டீ, வாங்கிக் கொடுத்து அவனிடம்தான் கொட்டினேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தான்.

“மண்டைடா ஒனக்கு! நாளைக்கே தவுக்கேவ மேல கூட்டிட்டுப் போய்க் காட்டு. நானும் வந்து நிக்கிறேன் லா.”

சொன்னபடியே வந்து நின்றான். காலையில் உருளை மாற்றுவதற்காகக் கொஞ்ச நேரம் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். நான் ஆபீஸில் தவுக்கேயைக் கெஞ்சி அழைத்துக்கொண்டு வருவதற்குள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. மேடை ஏறினோம். அவன் ஏற்கனவே மேலே இருந்தான்.

கூட்டில் சந்தனம் இல்லை. விபூதி இல்லை, ஒரு துளி குங்குமம்கூட இல்லை. கழுவிவிட்டதுபோல் மின்னியது.

“மானா பானாஸ்?” என்றார் தவுக்கே. எங்கே சூடு என்று கேட்கிறார். நான் என்ன காட்டுவேன்? சுட்டேன். நாற்பது. அவரே துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். நாற்பது. நான் எவர்சில்வர், காப்பி, விபூதி என்று உளறினேன். எனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. நேற்று இங்கே சந்தனம் இருந்தது, நீ சொல்லுடா என்று அவனைப் பார்த்தேன். அவன் சிரித்தான்.

“பாஸ், இவன் ரொம்ப சாமி பக்தி. பூசைல வெச்ச சந்தனம் சூடு காட்டுதுன்னு பயந்துட்டான். நான்தான் தொடச்சு விட்டேன். மிஷின் ஓகே பாஸ்.”

அவன் காற்சட்டைப் பின்பையில் துணி தொங்கியது. மஞ்சள் மஞ்சளாகச் சந்தனம் அப்பியிருந்தது. மண்ணெண்ணெயோடு கலந்து அந்த வாசனை எனக்கு அடித்தது. மறைத்து வைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

இயந்திரத்தை நிறுத்துங்கள், இன்னொரு தரம் பூசிக் காட்டுகிறேன் என்றேன். அவசர ஆர்டர் ஓடுகிறது, விளையாடாதே என்று சொல்லிவிட்டு தவுக்கே இறங்கிப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்லி என்ன, அவர் எண்ணைப் பார்த்தார். என் வயிறு எரிந்தது அவனால்தான். “ஏன்டா?” என்று கேட்டேன். “மிஷினத் தொடைக்கிறது வேலைதானே மச்சான்,” என்றான், என் கண்ணைப் பார்த்தே சொன்னான். கூட இருந்தே குழி பறிக்கிறவனுக்கு மண் தள்ள மட்டுமா தெரியும், பூவும் போடத் தெரியும்.

அந்த மாதமே பகல் வேலை அவனுக்குப் போனது. நான் பழையபடி ஷிப்ட். மனைவியிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. “நம்ம வீட்டு காப்பிதானே குடிச்சான்” என்று மட்டும் கேட்டாள்.

பேரிங் சும்மா இருக்குமா? ஒருநாள் மதியம் ஊளையிட்டுக்கொண்டு இறுகி நின்றது. காற்றாடித் தண்டு போய், பெல்ட் அறுந்து, தொழிற்சாலை முழுக்க ரப்பர் கருகிய நாற்றம். தவுக்கே என்னைக் கூப்பிட்டு, நீ சொன்னது சரி என்பார் என்று காத்திருந்தேன். பச்சைப்பிள்ளை நான்! புது சூப்பர்வைசர் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, “எனக்கு ரொம்ப நாளா டவுட்டு பாஸ், கண்ணு வெச்சுட்டேதான் இருந்தேன்” என்றான். அந்த இறுகிய பேரிங்கைக் கழற்றி மாற்றியது நான். கை கொப்பளித்ததும் எனக்குத்தான்.

அடுத்த ஆயுத பூசை. அவன் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். எல்லோரும் பார்க்க, பளபளப்பான கூடு ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பினான். இதை யாரும் துடைக்கக் கூடாது என்று வேறு சட்டம் போட்டான். பூசை முடிந்து இயந்திரம் ஓடிச் சூடேறியதும் தவுக்கேயின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, மெட்டலில் ஒன்று, சந்தனத்தில் ஒன்று என்று சுடவைத்தான். தவுக்கேக்கு ஒரே ஆச்சரியம். “வாஹ், பாண்டாய் லா நீ!” என்று கெட்டிக்காரப் பட்டம் கொடுத்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கே கற்றாய் என்று கேட்டார். “வீட்ல காப்பி குடிக்கிறப்ப தோணிச்சு பாஸ்,” என்றான்.

வீட்டிலாம். எவன் வீட்டில்?

பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தான். என் முன்னால் நின்று, “மச்சான், நல்ல நாளும் அதுவுமா மூஞ்சத் தூக்கி வெச்சுக்காத,” என்று என் நெற்றியில் தானே சந்தனம் வைத்துவிட்டான். அத்தனை பேர் நடுவில் நான் என்ன செய்வது, குனிந்து நின்றேன். அந்தக் குனிவு இன்றைக்கும் என் கழுத்தில் வலிக்கிறது.

அன்று மாலை மனைவிக்கும் வேலை, எனக்கும் வேலை. மகளை எதிர்வீட்டில் விடப் போனேன். நெற்றியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், தேய்த்த இடம் சிவந்திருந்தது. மகள் குதிகாலை உயர்த்தி, உள்ளங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

“சுடுதுப்பா. காய்ச்சலா?”

“இல்லம்மா. வேலைக்குப் போவல, வா, வீட்டுக்குப் போயிடலாம்,” என்றேன். எப்படியோ வாயில் வந்துவிட்டது.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஆன்டியின் பாயில் போய் உட்கார்ந்து தலையணையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

“நீங்க ஒங்க வீட்டுக்குப் போய்ப் படுத்துக்குங்கப்பா. நான் இங்க, நம்ம வீட்டுலயே இருக்கேன்.”