சந்திப் பலகையை நகர்த்தியவன் நான்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயக் காம்பராவில் பிறந்தவன் நான். படிப்பு தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. லொறி கழுவத் தொடங்கி, சாரதியாகி, ஒரு பழைய லொறியைச் சொந்தமாக வாங்கி, அதை இரண்டாக்கினேன். பதுளையில் வீடு கட்டியபோது கல் சுமந்ததும் நான், கூரையில் ஏறியதும் நான். எவனும் கை கொடுக்கவில்லை. இப்போது நகரத்தின் முன்னேற்றம் பற்றி ஒரு சிறப்பு மலர் போட்டிருக்கிறார்கள். பசறை வீதிச் சந்தியை ஒழுங்குபடுத்தியது ஒரு நகரசபை உறுப்பினராம்! வாசித்ததும் பேனாவை எடுத்தேன். நடந்ததை நான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளைப் பதுளை ரயில் நிலையத்துக்கு ஏற்றி வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அந்தச் சந்தியைக் கடந்ததும் விசில் சத்தம். பொலிஸ்காரர் ஓடி வந்தார்; ராலாமி என்றுதான் அவர்களைக் கூப்பிடுவோம்.

"பலகையில நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கு. படிக்கத் தெரியாதா?"

"தெரியும் ராலாமி. கண்ணுல பட்டாத்தானே படிக்கலாம்?"

"அவ்வளவு பெரிய சிவப்புப் பலகை கண்ணுல படலையா? படிக்காதவனுக்கெல்லாம் யாரு லைசன் குடுத்தது?"

அவர் வழக்கு எழுத, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வேறு பயமுறுத்தினார். "லைசன்ல குத்தம் பதிஞ்சா தோட்டத் துரை பெட்டி ஏத்த வுட மாட்டாரு. பாத்துக்க." பெட்டி ஏற்றுவதுதான் என் பிழைப்பு. அது போனால் மீண்டும் லொறி கழுவப் போக வேண்டியதுதான்.

வக்கீலான புரக்டர் ஐயாவிடம் ஓடினேன். "குத்தத்த ஒத்துக்கிட்டுத் தண்டத்தக் கட்டுங்க. எல்லாரும் அதைத்தானே செய்யறாங்க" என்றார். செய்யாத குற்றத்தை நான் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்?

கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருந்த முஸ்லிம் நண்பரை, நானா என்றுதான் கூப்பிடுவேன், பலகை தெரியாததைப் படத்தில் காட்டச் சந்திக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வீதியில் நின்று படம் பிடித்தார். கழுவி வந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பலகை பளிச்சென்று தெரிந்தது! பொலிஸுக்கு நானே சாட்சி தேடிக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

லொறியில் ஏறி உட்கார்ந்து, அதே சந்திக்கு மறுபடி வந்தேன். அப்போதுதான் புரிந்தது. லொறி ஆசனம் உயரம். அந்த உயரத்துக்குச் சரியாக ஒரு வாகைக் கிளை தொங்கி, பலகையை முழுசாக மூடியிருந்தது. தரையில் நிற்பவனுக்குக் கிளைக்குக் கீழே பலகை தெரியும். லொறிக்காரனுக்கு இலைதான் தெரியும். எந்தப் படித்தவனுக்கு இது தோன்றியது? ஸ்டூடியோ நண்பரை மறுபடி அங்கே கூட்டி வந்தேன்.

"நானா, சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு என் சீட்டுல ஏறுங்க."

"கல்யாண வீட்டுல மாப்பிள்ளை பொண்ணப் புடிக்கிற ஆளு நான். என்னைய லொறியில ஏத்தி இலையப் புடிக்கச் சொல்றீங்களே!"

"இன்னைக்கு அந்த இலைதான் மாப்பிள்ளை. புடிங்க."

நீதிமன்றத்தில் புரக்டர் எனக்காக எழும்பவில்லை. நானே பேசினேன். பலகை நன்றாகத் தெரிந்ததாகப் பொலிஸ்காரர் சத்தியம் செய்தார்.

"ராலாமி எங்க நின்னீங்க?"

"வீதியிலதான்."

"நான் லொறிக்குள்ள இருந்தேங்க."

இரண்டு படத்தையும் நீட்டினேன். எனக்குப் பாதகமான படத்தையும் மறைக்கவில்லை. நீதவான் அவற்றை மேசையில் அருகருகே வைத்து ஒப்பிட்டார். "இந்த யோசனை எந்த வழக்கறிஞருடையது?" என்று கேட்டார். "நான் மூணாம் வகுப்புங்க" என்றேன். வழக்கைத் தள்ளினார். கிளையை வெட்டவும் பலகையை நகர்த்தவும் நகரசபைக்கு எழுதச் சொன்னார். ஒரு மாதம் கூட ஆகவில்லை, பலகை மரத்தை விட்டு விலகி வீதியோரத்துக்கு வந்துவிட்டது. துரையும் என் பெட்டி வேலையில் கை வைக்கவில்லை.

பலகை நகர்ந்த அன்றைக்கு மாலை போட்டுக்கொண்டு நின்றவர்தான் அந்த உறுப்பினர். வாகைக் கிளையை அவர் ஏறிட்டும் பார்த்ததில்லை. இரண்டு படங்களும் இன்னும் என் பெட்டகத்தில் இருக்கின்றன. மலர் போட்டவர்கள் வந்து பார்க்கட்டும். பார்த்துவிட்டு, அடுத்த பதிப்பில் அவர் பேரை எடுத்துவிட்டு என் பேரைப் போட வேண்டும். கூடவே, மூன்றாம் வகுப்பு என்பதையும் போட வேண்டும்.