ரஷ்யனும் நானும் கறுவிய ஆள்

யாழ்ப்பாணத்தில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் எந்த ஊர் என்று கேட்போம். பலேர்மோவில் எந்த அணி என்று கேட்கிறார்கள். கபோச் சந்தையில் மீன் வெட்டுகிறவர் முதல் நாளே என்னிடம் அதைத்தான் கேட்டார். எனக்கு அணி எதுவும் இல்லை என்றேன். தாய் தகப்பன் இல்லாதவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டார். பிற்பாடு எனக்கும் ஓர் அணி வாய்த்தது, அதற்கு ஒரு ரஷ்யன் பயிற்சியாளனாக வந்தான். அவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவ்வொகாத்தோவைத் திட்டாமல் அவனைப் பற்றி எழுத முடியாது.

அவ்வொகாத்தோ என்றால் வழக்கறிஞர். இங்கே அது பட்டம் மாதிரி, பெயரைச் சொல்லாமல் அப்படியே கூப்பிட வேண்டும். அவர் வீட்டில் ஏழு வருடம் தரை துடைத்தேன், சமைத்தேன், நடக்க முடியாத அவருடைய தாயாரைக் குளிப்பாட்டினேன். எனக்கு முன் அங்கே வேலை செய்த மொரீசியஸ்காரரின் பெயர் ஜான். அதனால் நானும் ஜான் ஆனேன். என் பெயர் குகன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். ஒரு நாள் அவருடைய கைக்கடிகாரம் காணாமல் போனது. "பொலிசுக்குச் சொல்லமாட்டேன், நீ போய்விடு" என்றார், ஏதோ தர்மம் செய்கிறவர்போல. வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது என்று அவருக்குத் தெரியாதா? சட்டம் படித்த மனிதர். பிறகு கடிகாரம் அவருடைய காரின் இருக்கைக்கு அடியில் கிடைத்ததாக, பக்கத்து வீட்டில் வேலை செய்யும் அக்கா சொல்லித்தான் அறிந்தேன். எனக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் வயிற்றெரிச்சல் ஆறவே இல்லை. சியாகுல்லித் தோட்டங்களில் மாண்டரின் தோடம்பழம் பறிக்கப் போனேன், ஒவ்வொரு காம்பை வெட்டும்போதும் அவருடைய கழுத்தை நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்களும் மொரீசியஸ்காரர்களும் சேர்ந்து பந்தடிப்போம். புல் இல்லாத புழுதி மைதானம். ஒரு நாள் வேலியோரம் நின்று பார்த்த நொண்டிக்கால் வெள்ளைக்காரன் ஒருவன் உள்ளே வந்து, கேட்காமலே எங்களைத் திட்டத் தொடங்கினான். அவன்தான் அந்த ரஷ்யன், விக்தோர். அன்றிலிருந்து அவனே எங்கள் பயிற்சியாளன். வோல்கா நதிக்கரையில் ஒரு தொழிற்சாலை நகரத்தில் பிறந்து, கோல் போடுவதற்கென்றே வளர்ந்தவன். இளம் வயதில் பலேர்மோவின் சின்னக் கழகமொன்று அவனை எடுத்தது. இரண்டாவது பருவத்தில் முழங்கால் உடைந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனிடம் கழகத் தலைவர் தன் சாரதியிடம் விலக்கல் கடிதம் கொடுத்தனுப்பினார். ஊருக்குத் திரும்பிப் பயிற்சியாளனாகி, அங்கேயும் இரண்டு கழகங்கள் கழற்றிவிட, மறுபடி இங்கேயே வந்துசேர்ந்தான். "முன்பு என் காலால் அடித்தேன். இப்போது மற்றவன் காலால் அடிக்கவேண்டும். மற்றவன் வாயால் சாப்பிடுகிற மாதிரி" என்பான்.

அந்தக் கழகத் தலைவர்தான் என் அவ்வொகாத்தோ.

இது தெரிந்த அன்று கடிகாரக் கதையை அவனிடம் சொன்னேன். இரண்டு பேரின் இத்தாலிய மொழியும் அரைகுறை. முழுவதும் கேட்டுவிட்டு, "நல்ல கடிகாரமா?" என்றான். நான் உண்மையிலேயே எடுத்துவிட்டதாக விளங்கிக்கொண்டு, என் முதுகில் தட்டி வேறு பாராட்டினான். திருத்த முயன்று களைத்துப்போனேன். கள்ளன் என்று நினைத்துக்கொண்டே என்னோடு நின்ற ஒரே ஆள் அவன்.

அந்த வருடம் ஞாயிறு லீக்கில் அவ்வொகாத்தோவின் கழகத்தோடு எங்களுக்கு ஆட்டம் விழுந்தது. எங்கள் ஊரில் ஆட்டம் முடிந்தால் கல்லெறி நடக்கும். இங்கே இரண்டு அணியும் வரிசையாக நிற்க, மற்ற அணியின் தலைவரும் பயிற்சியாளரும் வந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுக்கவேண்டும். அதைக் கேட்டதும் என் மனதில் திட்டம் முளைத்தது. எங்கள் கோல்காப்பாளர் யோகண்ணையிடம் சொன்னேன்.

"எல்லாருக்கும் முன்னாலை அவர் கை நீட்டுவார். நான் குடுக்கமாட்டன்."

"குடுக்காதை. ஆனால் முதல்ல வெல்லவேணும். தோத்தவன் கை குடுக்காட்டி அது ரோசமில்லை, எரிச்சல்."

வென்றோம், ஒரே ஒரு கோலில். நான் வரிசையில் நின்றேன். அவ்வொகாத்தோ வந்தார், என் கண்ணைப் பார்த்தார், "பிராவோ" என்றார், தொங்கிக்கொண்டிருந்த என் கையைத் தானே எடுத்துக் குலுக்கிவிட்டுப் போனார். ஏழு வருடம் தாயைக் குளிப்பாட்டியவனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. விக்தோரை மட்டும் தெரிந்தது. கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

"உவனுக்கென்ன நடந்தது?" என்றார் யோகண்ணை.

அடுத்த கிழமையே விக்தோர் அவர்களுடைய பயிற்சியாளன். வியா மக்வேதாத் தெருவில் எதிர்ப்பட்டவனை மறித்துக் கேட்டேன். "அங்கே புல் இருக்கிறது, கூகன்" என்றான், வழக்கம்போல் என் பெயரை இழுத்து. அவ்வளவுதான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ய ஒரு பிடி புல் போதுமாயிருந்தது அவனுக்கு. அவ்வொகாத்தோ மேல் வைத்திருந்த வன்மத்தை அப்படியே தூக்கி இவன் மேல் இறக்கினேன்.

என் இடதுகால் உதவாது என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே தோட்டத்தில் விழுந்து அழுகிய மாண்டரின்களை எல்லாம் இடதுகாலால் மதிலுக்கு அடித்தேன், மாரி முழுவதும். மறுபடி மோதியபோது நான் நினைத்தபடியே விக்தோர் தன் முன்வரிசைக்காரனை என் இடப்பக்கமாக அனுப்பினான். ஒவ்வொரு பந்தையும் இடதுகாலாலேயே திருப்பி அடித்தேன். எதிரணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு விக்தோர் கைதட்டினான். தன்னை மறந்து தட்டினான். அது எனக்கு இன்னும் ஆத்திரமூட்டியது.

மறுபடியும் நாங்களே வென்றோம். வரிசையில் நின்று இம்முறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவ்வொகாத்தோ தொலைபேசியில் கதைத்தபடி வந்தார், என்னைத் தாண்டி அடுத்தவரின் கையைக் குலுக்கினார், கவனிக்கவேயில்லை. பின்னால் விக்தோர். "கூகன்" என்றான். இந்த நகரத்தில் என் பெயரைச் சொல்லும் ஒரே வெள்ளைக்காரன். நீட்டிய கை நீட்டியபடி நின்றது. நான் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. அவன் முகம் செத்துப்போனது. அவ்வொகாத்தோவின் முகத்தில் காணத் தவித்ததை அவன் முகத்தில் கண்டேன். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் இனிக்கிறது.

எல்லோரும் கலைந்தார்கள். விக்தோர் நொண்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில், நாங்கள் சப்பாத்துக் கழற்றும் வாங்குக்கு வந்துவிட்டான். வந்தபிறகுதான் தன் சட்டையின் நிறத்தைக் குனிந்து பார்த்தான். அந்தப் பக்கம் அவனுடைய ஆட்கள் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் யாரும் தள்ளி உட்கார்ந்து இடம் விடவில்லை. நானும்தான்.