காலர் அக்காவின் கோபமும் ஒரு வெள்ளை மாத்திரையும்

சட்டைக் கம்பெனியில் வருடக்கணக்காகக் காலர் தைக்கிறவளுக்குக் காலர் அக்கா என்று பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. அவளுக்குக் கோபம் வரும் என்பதிலும் ஆச்சரியமில்லை. அந்தக் கோபத்துக்குத் திடீரென்று ஒரு விஞ்ஞான விளக்கம் கிடைத்ததுதான் ஆச்சரியம்.

தையல் கூடத்தில் தூசியை வெளியே இழுக்கும் பெரிய ஃபேன் நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. போக வழியில்லாத பஞ்சுத் தூசி, கிடைத்த நுரையீரலில் குடியேறியது. அக்காவுடையதில் கொஞ்சம் தாராளமாகவே. மூச்சு விசிலடிக்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

"காலைல சாப்பிட்டப்புறம் போடுங்க. நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. தூசி பக்கம் போகாதீங்க."

கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அக்கா சிரித்துவிட்டாள். அவளுக்குச் சம்பளம் கொடுப்பதே தூசி பறக்கிற இடம்தான்.

மாத்திரை வேலை செய்தது. மூச்சு சீரானது. கூடவே முகம் உப்பியது, பசி கிள்ளியது, தூக்கம் போனது. இந்தக் கட்டத்தில்தான் வீட்டுக்காரர் களத்தில் இறங்கினார்.

அவருக்கு மிக்ஸி, வாஷிங் மெஷின் விற்கும் கடையில் உத்தியோகம். வாங்குகிறவர்கள் தூக்கியெறியும் விளக்கத்தாளை வரி விடாமல் படித்து அவர்களுக்கே ஒப்பிப்பது அவர் தொழில். மாத்திரையோடு எட்டாக மடித்து வந்த தாளை விடுவாரா? பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். பக்கவிளைவுகளின் கீழே 'எரிச்சல், மனநிலை மாற்றம்' என்று போட்டிருந்தது. புதையல் கண்டவர் மாதிரி ஆனது அவர் முகம்.

அன்றோடு அக்காவுக்குச் சொந்தக் கோபம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. ஈரத் துண்டை மெத்தையில் போட்டது யார் என்று கேட்டால், அவர் மகளுக்குக் கண் காட்டினார்.

"மாத்திரை பேசுது. பேசட்டும், விடு."

"துண்டு ஈரமா இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"சின்ன விஷயம் பெருசாத் தெரியுமாம்மா. தாள்லயே போட்டிருக்கான்."

தாளில் அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை.

அவர் அதோடு நின்றிருக்கலாம். நல்ல மனுஷர் அல்லவா, கம்பெனி மேனேஜருக்கும் போன் போட்டு, "அவ ஏதாவது சொன்னா மனசுல வச்சுக்காதீங்க சார், மருந்து அப்படி" என்று முன்ஜாமீன் வாங்கிவிட்டார். மேனேஜர் சின்ன வயசுக்காரர். கண்ணாடி அறையில் ஏசிக்குள் இருப்பவர். அக்கா அங்கே போய்க் கேட்டாள்.

"சார், ஃபேன் என்னாச்சு?"

"உடம்பைப் பாத்துக்குங்க அக்கா. உங்களுக்கு இவ்வளவு வேகம் வர்றதே மருந்தாலதான்."

"மருந்து எதனால சார்?"

மேனேஜருக்கு உடனே ஒரு போன் வந்தது. எதிர்க்கேள்வி கேட்டால் அவருக்கு எப்போதும் போன் வரும்.

ஆக, ஃபேன் ஓடாததால் நோய். நோயால் மாத்திரை. மாத்திரையால் கோபம். கோபம் மாத்திரையுடையது என்பதால் ஃபேன் ஓடத் தேவையில்லை. இவ்வளவு பிசிறில்லாத தையலை அக்காவே தைத்ததில்லை.

கடையில் எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் வீட்டுக்காரர் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க. அதையே மனைவிக்கும் பார்த்தார். அதே வெள்ளையில், அதே அளவில் சத்து மாத்திரை வாங்கி டப்பாவில் கொட்டிவைத்து, "கம்பெனிதான் வேற, மருந்து அதேதான்" என்றார்.

சில நாளில் கோபம் நின்றது. கூடவே எல்லாமே நின்றது. கையைத் தூக்க முடியவில்லை. சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. "பாரு, எவ்வளவு அமைதியாயிட்ட" என்று வீட்டுக்காரர் பூரித்தார். அதே அமைதியோடு அக்கா தையல் மெஷின் மேல் சரிந்து விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சலைன் ஏற்றி அவளைக் கண் விழிக்க வைத்தார்கள். டாக்டரம்மா டப்பாவைத் திறந்து பார்த்தார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டார்.

"இந்த மருந்து செய்யற வேலைய உடம்பும் தானா செய்யும் சார். வெளியாள் வந்து வாரக்கணக்குல பார்த்தா, உள்ளாள் லீவு போட்டுடுவான். நீங்க வெளியாளை ஒரே நாள்ல துரத்திட்டீங்க. உள்ளாள் இன்னும் படுக்கையை விட்டே எழுந்திருக்கல. உயிரே போயிருக்கும், தெரியுமா? இதைக் கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கணும், அதுவும் நான் சொல்லித்தான். எரிச்சல் ஜாஸ்தின்னா எங்கிட்ட வந்து சொல்றதுக்கென்ன?"

"இல்ல, ஆஃப் பண்ணிட்டு..."

"இது வாஷிங் மெஷின் இல்ல சார்."

அக்கா படுத்தபடியே கேட்டாள். "டாக்டரம்மா, எனக்கு வர்ற கோபம் மாத்திரையோடதா, என்னுதா?"

"சத்தத்தை மாத்திரை கூட்டியிருக்கும். என்ன பேசணும்னு அதுக்குத் தெரியாதும்மா."

அக்கா வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "என் வயித்துக்குள்ள என்ன போகுதுன்னு எனக்கே சொல்லாம மாத்தினீங்களே. உங்க டீயில நான் எதையாவது கலக்கட்டுமா?"

அதற்குப் பிறகு மாத்திரையை அவளே வாங்கினாள். அட்டையில் பேரைப் படித்துவிட்டுத்தான் வாயில் போட்டாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று மேனேஜர் மலர்ந்த முகத்தோடு வரவேற்றார்.

"டோஸைக் குறைச்சாச்சாமே அக்கா. இனிமே டென்ஷன் இருக்காது."

"குறைச்சாச்சு சார்," என்றாள் அக்கா சாந்தமாக. மூக்கைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மெஷினுக்கு அடியில் மண்டியிருந்த பஞ்சை இரண்டு கையாலும் அள்ளினாள். நேரே கண்ணாடி அறைக்குள் போய், ஏசிக் காற்று அடிக்கிற இடத்தில் நின்று உதறினாள். மேனேஜரின் தலை, மேஜை, டீ, எல்லாம் ஒரே வெள்ளை. இருமலில் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"என்ன அக்கா... இது..."

"ஃபேன் ஓடற வரைக்கும் தினம் ரெண்டு கை கொண்டாந்து போடுவேன். மாத்திரை போட்டாலும் போடுவேன், போடாட்டியும் போடுவேன்."

வெளியே மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மற்ற பெண்களும் மூக்கைக் கட்டிக்கொண்டு தங்கள் மெஷின்களுக்கு அடியில் குனிந்திருந்தார்கள். மேனேஜர் இருமிக்கொண்டே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்.

எலெக்ட்ரீஷியன் ஏணியில் ஏறினார், கருகிய ஒயர் ஒன்றை அறுத்தார், புதிதாக ஒன்றைச் சுற்றினார், இறங்கினார். போட்ட டீ ஆறுவதற்குள் ஃபேன் சுற்றியது. பெண்கள் கைதட்டினார்கள். அக்கா மட்டும் தட்டவில்லை.

"இவ்வளவுதானா வேலை?"

"இவ்வளவுதாம்மா."

அக்கா கொஞ்ச நேரம் அந்த ஏணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இத்தனை மாதத்துக்கும் சேர்த்து வந்த கோபத்தோடு, கண்ணாடி அறையை நோக்கி மறுபடியும் நடந்தாள்.