ஒரே ஒரு கோடு லைன்

அம்மன் பிள்ளைகள் அனைவருக்கும் வணக்கம். என் பெயர் கலைவாணி. தாதி வேலை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மாரியம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

போன வருடம் ஈப்போ டயாலிசிஸ் மையத்தில் என் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. வெளி மாநிலங்களுக்குச் சில மாத ஒப்பந்தத்தில் தாதிகளை அனுப்பும் ஏஜென்டுகளுக்கெல்லாம் எழுதினேன். ஜொகூர், பினாங்கு, எங்கே என்றாலும் சரி. "பாத்துச் சொல்றோம்" என்பார்கள். அதோடு சரி. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கியா பார்ம் சந்தையில் ஒரு கடைக்கு ஸ்ட்ராபெரி அடுக்கப் போனேன். நரம்பு தேடி ஊசி போட்ட கை, பழத்துக்கு விலைச்சீட்டு ஒட்டியது. இனிமேல் நான் தாதியே இல்லையோ என்று பயந்துபோனேன்.

எங்கள் தோட்டத்தில் இன்னொரு தொல்லை. குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கும் லைன் என்றுதான் பெயர், போன் சிக்னலுக்கும் லைன் என்றுதான் பெயர். எங்கள் லைனில் லைன் கிடைக்காது. ஜொகூர் மருத்துவமனை ஒன்று போனிலேயே நேர்காணல் செய்ய அழைத்தபோது, அந்த அழைப்பு எனக்கு வந்தே சேரவில்லை. கெஞ்சி இன்னொரு நாள் வாங்கினேன். "இந்தத் தடவையும் எடுக்கலன்னா வேற ஆள் பாத்துருவோம்" என்றார் ஏஜென்ட்.

அந்த நேர்காணல் நாளில், லைன் கிடைக்கும் பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்ப் பேசலாம் என்றிருந்தேன். விடிந்ததிலிருந்து மழை. ரோட்டில் மரம் விழுந்து ஒரு லோரிகூட நகரவில்லை. அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. மேட்டில் இருக்கும் மாரியம்மன் கோயிலில் சில நேரம் லைன் வரும். ஓடினேன். உள்ளதைச் சொல்கிறேன், சாமி கும்பிட ஓடவில்லை.

அங்கேயும் ஒன்றுமில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றினேன். பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள். சுற்றச் சுற்ற எனக்கே அது வேண்டுதலாகிவிட்டது. கடைசியில் அம்மன் முன்னால் நின்று அழுதேன். "தாயே, வேலைய நான் பேசி வாங்கிக்கிறேன். ஒரே ஒரு கோடு லைன் மட்டும் குடு!"

போன் அடித்தது. அதே நேரம் பூசாரியும் மணியை அடித்தார்.

"ஹலோ, கலைவாணி? லைன்ல இருக்கீங்களா?" ஜொகூர் மருத்துவமனைத் தலைமைத் தாதி. தமிழ்க் குரல்.

பதற்றத்தில் உளறினேன். "இல்ல சிஸ்டர், லைன்ல இல்ல, கோயில்ல இருக்கேன். லைன்ல லைன் இல்ல!"

போச்சு என்று நினைத்தேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "எஸ்டேட்டுப் பிள்ளையா? நானும் லைன்ல பொறந்தவதான்லா. மணி அடிச்சு முடியட்டும். நான் போன வெக்க மாட்டேன்."

வைக்கவில்லை. மணி ஓய்ந்ததும் டயாலிசிஸ் நடுவில் நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்கினால் என்ன செய்வாய் என்று கேட்டார். மழையில் நடுங்கிக்கொண்டே சொன்னேன். இன்று ஜொகூரில் அவருடைய வார்டில்தான் இருக்கிறேன்.

"எல்லாரும் ஆத்தாகிட்ட புள்ள வரம் கேப்பாங்க, நீ ஒருத்திதான் லைன் கேட்ட" என்று அம்மா இன்னும் கேலி செய்கிறார். இந்த ஒப்பந்தமும் முடியப்போகிறது. அடுத்து சரவாக்குக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. படபடப்பு இருக்கத்தான் செய்கிறது. முன்பு இருந்த பயம் இல்லை.

வேலைக்காக அலையும் என் அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே, இவ்வளவு சின்ன விஷயத்தைப் போய் சாமியிடம் கேட்பதா என்று கூச்சப்படாதீர்கள். உளறினாலும் பரவாயில்லை, கேளுங்கள். அவள் போனை வைக்க மாட்டாள்.