மெத்தைக்கடை மாடி டீச்சர்

மெத்தைத் தொழிலில் என்னைத் தெரியாதவர் இந்த வட்டாரத்தில் இருக்க முடியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு வந்தவன் நான். கோணி ஊசியும் நூலுமாக ஆரம்பித்து, சொந்தமாக மாடிக் கட்டடம் எழுப்பினேன். கீழே கடையும் பட்டறையும். மாடி வாடகைக்கு. வருகிற ஆளைப் படியேறும்போதே எடை போட்டுவிடுவேன். டீச்சரையும் அப்படித்தான் எடை போட்டேன்: ஆள் கனம், வாய் பெரிசு, ஏமாற்றத் தெரியாது. மூன்றும் சரியாகவே இருந்தது.

மாடியைப் பார்க்க வந்த அன்று தண்ணீர் வருமா, காற்று வருமா என்று அவர் கேட்கவில்லை.

“ஐயா, சுவத்துக்கு மெத்தை போட முடியுமா?”

“சுவர் எதுக்கும்மா, படுத்துத் தூங்கப்போகுதா?” என்றேன்.

“பிள்ளைங்க உதைப்பாங்க. தலையைக் கொண்டுபோய் முட்டுவாங்க. சுவர் போனா பூசிக்கலாம்.”

தோள் உயரத்துக்குக் கெட்டி ஃபோம், மேலே ரெக்சின், ஓரத்துக்கு இரட்டைத் தையல். நானே உட்கார்ந்து தைத்தேன். இன்றுவரை ஒரு தையல் விட்டதில்லை. அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வேறு ஊரிலிருந்துகூட ஆள் அனுப்பிக் கேட்டார்கள்.

டீச்சர் என்று கூப்பிட்டாலும் அவர் பாடம் சொல்லிக்கொடுப்பதில்லை. அடிக்கிற பிள்ளை, கடிக்கிற பிள்ளை, வாயே திறக்காத பிள்ளை, பள்ளிக்கூடம் என்றாலே வாந்தி எடுக்கிற பிள்ளை, இவர்கள்தான் அவரிடம் வருவார்கள். பொம்மை, மணல், களிமண், மரக்கட்டை எல்லாம் கொடுத்து விளையாட விடுவார். கூடவே தரையில் உட்கார்ந்திருப்பார். முன்பு நிஜமாகவே பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர்தான். வகுப்பில் அடங்காத பிள்ளைகளை எல்லாம் மற்றவர்கள் அவர் தலையில் கட்டப்போக, இதற்கென்றே தனியாகப் படித்தாராம். முடி நரைக்க ஆரம்பித்த பிறகு பரீட்சை எழுதினாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டில் இருக்கிறார். “வீட்டுல ஒரு டம்ளர் கழுவ மாட்டா, ஊரான் பிள்ளை எச்சிலைத் துடைப்பா” என்று அந்த அக்கா என் கடையிலேயே நின்று திட்டியிருக்கிறார். டீச்சர் சிரித்துக்கொண்டே நிற்பார். “சின்ன வயசுல நான் வீட்டுத் திரைச்சீலைக்கு நெருப்பு வச்சவ ஐயா. அக்காவுக்கு இன்னும் கோபம் தீரலை” என்பார்.

மாடியில் இரண்டு சட்டம் உண்டு. மேலே நடப்பது கீழே வரக்கூடாது. நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன், ஒரு வார்த்தை பெயராது. இன்னொன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் மூடி போட்ட ஒரு பெட்டி. உள்ளே பிள்ளை செய்தது, கிழித்தது, உடைத்தது எல்லாம் இருக்கும். போட்டது போட்டபடி இருக்க வேண்டும். பெற்றவர்களே ஆனாலும் தொடக்கூடாது.

பெற்றவர்கள் காத்திருக்க மாடியில் இடமில்லாததால் என் கடையில்தான் உட்காருவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எட்டு வயது மகளோடு வருவார். என் பட்டறை ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் சூறாவளி. அம்மா வேலைக்காகக் கடல் தாண்டிப் போனதிலிருந்து இப்படி என்றார் மெக்கானிக். பக்கத்து இருக்கைப் பெண்ணைக் கடித்திருக்கிறாள். நாற்காலியைத் தூக்கி வீசியிருக்கிறாள். விடுமுறை முடிவதற்குள் நிதானத்துக்கு வருகிறாள் என்று டீச்சர் சொன்னால் சேர்த்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

மெக்கானிக்கின் கை சும்மா இருக்காது. காத்திருக்கிற நேரத்தில் என் தையல் மெஷினைப் பிரித்து மாட்டினார், கடை ஷட்டருக்கு எண்ணெய் போட்டார். ரிப்பேர் ஆன பொருளைப் பார்த்தால் அவருக்கு உடம்பெல்லாம் நமைக்கும். மகள் முரண்டு பிடிக்கும்போதும் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “எல்லாம் சரியாயிடும் பாப்பா.”

அந்தச் சமயத்தில் மாடி ஃபேன் நின்றுபோனது. டீச்சர் வெளியே கிளம்பும் அவசரத்தில் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனார். ஃபேனைச் சரிசெய்தவர் அதோடு இறங்கி வந்திருக்கலாம். அலமாரியில் மகளின் பெட்டி மூடி சரியாக மூடாமல் இருந்திருக்கிறது. எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே மரத்தில் செய்த பொம்மை வீடு, நடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பசை தடவி, கயிறு கட்டி இறுக்கி, காய்ந்ததும் தேய்த்து வைத்துவிட்டார். பிறகு நானும் அதைப் பார்த்தேன். ஒட்டிய இடமே தெரியவில்லை. வேலைக்காரன் வேலை!

அடுத்த முறை மேலே போன சூறாவளி, போன வேகத்தில் திரும்பி வந்தாள். வீடு அவள் கையில். நேராக என் கட்டிங் டேபிளுக்கு அடியில் புகுந்துகொண்டாள். இழுக்கப் போன அப்பாவின் கையில் பல் பதிந்தது.

“அப்பா நல்லாத்தானே பண்ணி வச்சேன்?”

“உன்னை யாரு பண்ணச் சொன்னா?”

டீச்சர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். முழங்கால் சத்தம் போட, ஃபோம் தூளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார்.

“யாரும் தொட மாட்டாங்கன்னு நான் உன்கிட்ட சொன்னேன். தொட்டுட்டாங்க. சாவி கொடுத்தது நான். தப்பு என்னுது.”

மெக்கானிக் வாயைத் திறந்தார். டீச்சர் கையைக் காட்டி அடக்கினார்.

அதற்குப் பிறகு அவள் மாடி ஏறவில்லை. வருவாள், டேபிளுக்கு அடியில் போவாள். டீச்சரும் இறங்கி வந்து பக்கத்தில் உட்காருவார். பேச்சில்லை. எங்கள் கட்டிங் மாஸ்டர், “சும்மா உட்காருறதுக்கு இப்படி ஒரு உத்தியோகம் இருக்குன்னு தெரியாமப் போச்சே முதலாளி” என்றார். “உனக்கு அதுவும் வராது, துணியை வெட்டு” என்றேன். ஆனால் விடுமுறை கரைந்துகொண்டிருந்தது. மெக்கானிக் வேறு பள்ளிக்கூடங்களில் விசாரித்துப் பார்த்தார். எங்கும் பிடி கொடுக்கவில்லை. முகம் கறுத்துப்போய் உட்கார்ந்திருப்பார். என் ஷட்டரைக்கூடத் தொடவில்லை.

ஒரு நாள் அடியிலிருந்து குரல் வந்தது. “மெத்தைத் தாத்தா, சுத்தியல் இருக்கா?”

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். கொடுத்தேன். அவள் அதை அப்பாவிடம் நீட்டினாள். “நீதானே ஒட்டின? நீயே உடை.”

மெக்கானிக் வீட்டை டேபிள் மேல் வைத்துத் தட்டினார். ஏதோ முட்டையைத் தட்டுவதுபோல. அசையவில்லை.

“பசை நல்ல பசை போலிருக்கு” என்றார் கட்டிங் மாஸ்டர்.

“வாயை மூடுய்யா” என்றேன்.

அடுத்த அடியில் கூரை ஓரம் தெறித்தது. “அங்க இல்லப்பா, இங்க!” என்று அவள் வெளியே வந்து விரலால் கோடு போட்டுக் காட்டினாள். எங்கள் யார் கண்ணுக்கும் தெரியாத ஒட்டு அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் என் பட்டறை உளி ஒன்றை வைத்து அவர் ஓங்கி அடித்தார். வீடு இரண்டானது.

ஒரு பாதியை டேபிளின் அந்தக் கோடியில் வைத்தாள். மறு பாதியை இந்தக் கோடியில்.

“அது அம்மா இருக்கிற வீடு. இது நாம இருக்கிறது. நீ ரெண்டையும் ஒட்டிட்டா அம்மா எங்க இருக்கும்?”

அவர் முகம் கோணிக்கொண்டு போனது. வழக்கமான வார்த்தை உதடுவரை வந்ததை நான் பார்த்தேன். விழுங்கிவிட்டார்.

“அங்கதான் பாப்பா இருக்கு. எப்ப வரும்னு எனக்கும் தெரியலை.”

அவள் இரண்டு பாதியையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். டீச்சர் எழுந்திருக்க நான்தான் கை கொடுத்தேன்.

விடுமுறை முடிந்ததும், டீச்சர் சொன்னதன் பேரில் பள்ளிக்கூடத்தில் முதலில் அரை நாள்தான் உட்கார வைத்தார்கள், பிறகு முழு நாள். இப்போதும் கோபம் வரும். கடிப்பது நின்றிருக்கிறது, கத்துவது நிற்கவில்லை. டீச்சரிடம் இன்னும் வருகிறாள்.

மெக்கானிக்கும் வந்து என் கடையில் உட்காருகிறார். போன வாரம் மெஷின் கரகரவென்று சத்தம் போட்டது. எழுந்து வந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஐயா, தொடலாமா?”

“தொடுய்யா. இது பிள்ளை இல்ல, மெஷின்” என்றேன்.