கடைசி பஸ்ஸும் க்ளைமாக்ஸும்

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏரிக்கரையில் வாசகர் ஒருவர் என்னை மடக்கினார். சேலத்துக்காரர். படகு டிக்கெட்டுக்கு நின்றிருந்தவர், வரிசையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார்.

"சார், பேய்ப் படம், காதல் படம், அடிதடிப் படம்னு எல்லாத்தப் பத்தியும் எழுதறீங்க. க்ளைமாக்ஸ் பத்தி மட்டும் ஒரு வரி வந்ததில்லையே... படிக்கறவங்களுக்கு சஸ்பென்ஸ் உடையக் கூடாதுன்னுதானே?"

எவ்வளவு நல்ல மனது! ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். உண்மை வேறு. நான் க்ளைமாக்ஸ் பார்ப்பதில்லை. நான் மட்டுமல்ல, எங்கள் பஸ்ஸில் வருகிற யாருமே பார்ப்பதில்லை.

எங்களுக்குப் படம் என்றால் சேலம்தான். போவது மதியக் காட்சி. ஏற்காட்டு மலையில் செம்மநத்தம் பக்கம் போகும் எங்கள் கடைசி பஸ், குப்பனூர் வழியாக மேலே ஏறுவது. அது சினிமாக்காரர்களைக் கேட்டு நேரம் வைப்பதில்லை. படம் முடிய அரை மணி நேரம் இருக்கும்போதே எழுந்து ஓடினால்தான் ஏற முடியும். காலைக் காட்சிக்குப் போகலாமே என்பீர்கள். ஏரிக்கரைக் கடைக்காரர்களுக்கும் லாட்ஜில் வேலை செய்பவர்களுக்கும் ஞாயிறு என்பது, அதாவது லீவு என்பது, செவ்வாய்க்கிழமைதான். அன்று காலையில் துணி துவைக்க வேண்டும், ரேஷன் வாங்க வேண்டும், மிளகுக் கொடியைப் பார்க்க வேண்டும். சினிமா அதற்கப்புறம்.

ஆகவே ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. மிச்சப் படத்தை பஸ்ஸில் நாங்களே முடித்துக்கொள்வோம். யார் கொலைகாரன், யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று வாதம் நடக்கும். பெரும்பான்மை சொல்வதே முடிவு. போனில் தேடிப் பார்த்து உண்மையைச் சொல்வது மரியாதைக் குறைவு. ஒருமுறை ஒரு கல்லூரி மாணவர் அப்படிச் சொல்லிவிட்டார். மலை ஏறி முடிக்கும்வரை அவரோடு யாரும் பேசவில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி உண்டு. எந்த வகைப் படத்துக்கு முடிவு தேவை, எதற்குத் தேவையில்லை என்று துல்லியமாகத் தெரிந்துவிடும்.

அடிதடிப் படத்துக்குத் தேவையே இல்லை. முடிவு ஒரு குடோனில் நடக்கும். அட்டைப் பெட்டிகள் சரியும். ஹீரோ நடந்து வருவார். இதற்காக பஸ்ஸை விடுவார்களா?

காதல் படத்துக்கு ஓரளவு தேவை. ஆனால் காபி எஸ்டேட்டில் ஒரு டூயட் வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் காதல் மறந்துவிடும். பழுக்காத காயை உதிர்த்துக்கொண்டு ஓடுகிறாளே என்ற கவலைதான் இருக்கும்.

கொலை மர்மப் படம்... அதுதான் உண்மையான நஷ்டம். எங்கள் பஸ்ஸில் இதுவரை பல அப்பாவி நடிகர்களுக்குத் தண்டனை வழங்கப்பட்டிருக்கிறது.

பேய்ப் படம்தான் எங்களுக்குப் பிடித்தது. பேய்கள் பெரும்பாலும் எங்கள் ஊர் மாதிரி மலையூர் பங்களாக்களில்தானே குடியிருக்கின்றன! ஏரிக்கரையில் பிரட் ஆம்லெட் கடை வைத்திருக்கும் தங்கராசு ஒருநாள் பஸ்ஸில் சலித்துக்கொண்டார்.

"ஏனுங்க சார், பனி எறங்குனா பேயி வருதுங்கறான். அப்படிப் பாத்தா நம்மூர்ல பாதி வருசம் பேயிதானுங்க ஏவாரம் பண்ணோணும்!"

பக்கத்து சீட்டில் இருந்த சகாயமேரிக்கு வேறு சந்தேகம். லாட்ஜ் ஒன்றில் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர்.

"அத விடு ராசு. அம்பது வருசமா பூட்டிக் கெடக்கற பங்களா. தலகாணி ஒற எப்புடி அவ்ளோ வெள்ளையா இருக்குது? பேயி தொவைக்குதா?"

மேரியக்கா எல்லா வகைப் படமும் பார்ப்பார். ஒன்றைத் தவிர. குடும்பப் பாசப் படம் என்றால் தியேட்டர் வாசலிலேயே மறுத்துவிடுவார். "காசு குடுத்து அழுவறதுக்கு நானென்ன லூசா?" என்பார். யாரும் வற்புறுத்த மாட்டோம். காரணம் பஸ்ஸுக்கே தெரியும். அவருடைய ஒரே மகள் ஜெசிந்தா, வேறு மதத்துப் பையனைக் காதலித்து, சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டாள். குடியிருப்பது சேலம் அம்மாப்பேட்டையில், தியேட்டரிலிருந்து ஷேர் ஆட்டோ தூரம். குழந்தை பிறந்தபோதுகூட அக்கா போகவில்லை. அவள் பெயரை எங்கள் எதிரில் சொன்னதுமில்லை.

எனக்கும் பாசப் படங்கள் ஆகாது. அம்மா அழுதால் உடனே மழை வருகிறது. மகள் அழுதால் வயலின் வருகிறது. இரண்டு பேரும் சேர்ந்து அழுதால் மின்சாரம் போய்விடுகிறது.

இந்தச் செவ்வாய், நாங்கள் நம்பிப் போன பேய்ப் படத்தைத் தூக்கிவிட்டிருந்தார்கள். அந்த ஸ்க்ரீனில் ஓடியது ஒரு அம்மா–மகள் படம். திரும்பிப் போக மனமில்லை. வெயில் வேறு. தங்கராசு தயக்கத்துடன் அக்காவைப் பார்த்தார்.

"ஏசி இருக்குமில்ல... வாங்க" என்றார் அக்கா.

கதை நீங்கள் ஊகிப்பதுதான். மகள் ஓடிப்போகிறாள், அம்மா கதவைச் சாத்துகிறாள், வருஷங்கள் உருள்கின்றன, இடையில் இரண்டு மழை. பிறகு ஒருநாள் மகள் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நிற்கிறாள். உள்ளே அம்மா தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறாள். திறக்கவுமில்லை, கையை எடுக்கவுமில்லை.

சரியாக அந்த இடத்தில் தங்கராசு எழுந்தார். "நேரமாச்சுங்க."

நானும் எழுந்தேன். மேரியக்கா எழவில்லை.

"அக்கா... பஸ்ஸு?"

"நீங்க போங்க. நான் பாத்துட்டு வர்றேன்."

"எதுல வருவீங்க? இதான் கடைசி."

"எனக்குத் தெரியாதா ராசு? நவுரு... மறைக்குது."

பார்வையைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

பஸ்ஸில் வழக்கம்போல் விசாரணை தொடங்கியது. கதவைத் திறப்பாள் என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். எதிர்த்து வாதாட ஆளே இல்லை. எங்கள் பஸ்ஸின் சரித்திரத்தில் அப்படி நடந்ததில்லை. டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்த கண்டக்டர், "எங்கீங்க மேரியக்காவக் காணோம்?" என்றார்.

"படம் பாக்குதுங்க" என்றார் தங்கராசு. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் குனிந்தார். "சேலத்துல அதுக்கு வேற யாருங்க இருக்கறாங்க?"

மேலே போகப் போக ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். அக்கா விஷயத்தில் மட்டும் தீர்ப்பு சொல்லப்படாமலே ஆளாளுக்கு இறங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை நான் தங்கராசு கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மேரியக்கா வந்தார். முதல் பஸ்ஸில் ஏறி, நேராக வேலைக்குப் போகிற வழி. கட்டியிருந்த புடவை அவருடையதல்ல. மஞ்சளில் பெரிய பூப்போட்டது. சின்ன வயதுக்காரர்கள் கட்டுவது.

தங்கராசு முட்டையை உடைத்தபடியே, ரொம்ப சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார். "க்ளைமாக்ஸ் என்னாச்சுங்கக்கா? தொறந்தாளா?"

"எங்க? அப்புடியே நின்னா. இருட்டாக்கி பேரு போட்டுட்டான் படுபாவி!"

"தொறக்கவே இல்லீங்களா?"

"இல்லீங்கறன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு... வெளிய வந்தா பஸ்ஸும் போயிருச்சு. அப்பறம் என்ன பண்றது? ஆட்டோ ஏறி அங்கதான் போனன்."

எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. தங்கராசு அடுப்பைத் தணித்தார்.

"போற வழியெல்லாம் என்ன சொல்றதுன்னே தெரியல சார்" என்று அக்கா என் பக்கம் திரும்பினார். "போயி நின்னா, கதவு தொறந்துதான் கெடக்குது. வாசப்படியில உக்காந்து கொழந்தைக்குச் சோறு ஊட்டிட்டு இருக்கறா. என்னய நிமுந்து பாத்தா. கையில இருந்த உருண்டைய ஊட்டி முடிச்சா. அப்பறம் கேக்கறா, 'பஸ்ஸ விட்டுட்டியாம்மா?'ன்னு."

மலையில் வளர்ந்த பெண். செவ்வாய்க்கிழமை, மதியக் காட்சி, கடைசி பஸ்... எல்லாம் தெரிந்தவள்தானே.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாங்கண்ணுன்னேன். வேறென்ன சொல்றது?" என்றவர் ஒரு வாய் டீ குடித்தார். "நொம்ப எளச்சுட்டா சார். ஊட்டுல தலகாணி ஒறயெல்லாம் ஒரே அழுக்கு. விடியறதுக்குள்ள தொவச்சுப் போட்டுட்டுத்தான் வந்தன்."

டம்ளரை வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அடுத்த செவ்வாய்க்கு என்ன படம் என்று கேட்ட தங்கராசுவுக்குத் திரும்பிப் பார்க்காமலே பதில் வந்தது: "நீங்க போங்க ராசு. எனக்கு அம்மாப்பேட்டைல வேல கெடக்குது."

ஏரிக்கரை வாசகரே, முதல்முறையாக ஒரு க்ளைமாக்ஸை எழுதிவிட்டேன்.

படமா? படம் சுமார்தான்.