ஏழு நிமிடம் முந்திய நாலு மணி

எங்கள் வீட்டில் மணி என்ன என்று யாராவது கேட்டால், பதில் வருவதற்கு முன் ஒரு கழித்தல் கணக்கு நடக்கும். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை அப்பா பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தார். தாம்பரத்தில் மின்சார ரயிலை நம்பிப் பிழைக்கிற வீடுகளில் இது சாதாரணம். எட்டு இருபத்தைந்து பீச் வண்டியைப் பிடிக்க வேண்டியவர், கடிகாரம் எட்டு இருபது காட்டும்போது பதறி எழுவார். அடுத்த நொடியே, நிஜத்தில் எட்டுப் பத்துதானே என்று நிம்மதியாகி, மிச்சக் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புவார். தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டு, அதில் ஏமாறாமலும் இருப்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். பள்ளிக்கூடத்தில் கழித்தல் சொல்லித் தருவதற்கு முன்பே எனக்குப் பத்தைக் கழிக்கத் தெரியும்.

அப்பாவுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு மற்றவர்கள் கால்மணி நேரம் நடப்பார்கள். அப்பா எட்டே நிமிடத்தில் போய்விடுவார். முன்பெல்லாம் அவருக்கும் கால்மணி நேரம்தான் ஆனதாம். தள்ளுபடியில் ஒரு கறுப்பு ஷூ வாங்கிய பிறகு நடை வேகமெடுத்துவிட்டது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காலைத் தூக்கிக் காட்டிச் சொல்வார். கைக்கடிகாரம் வார் அறுந்து பீரோவில் கிடந்தது. செல்போனில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் மணி போய்விடும், அதைத் திரும்பச் சரிசெய்ய அவருக்குப் பொறுமை இல்லை. ஸ்டேஷன் கடிகாரத்தையும் வீட்டுக் கடிகாரத்தையும் வைத்துத்தான் அந்த எட்டு நிமிடக் கணக்கு. டி.வி.யில் செய்தி தாமதமாக ஆரம்பிக்கிறது என்று மட்டும் அவ்வப்போது குறைபட்டுக்கொள்வார்.

நாங்கள் குடியிருந்தது மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடைத்தெருவில், பாத்திரக்கடைக்கு மேல் மாடி. தெருவுக்கு அந்தப் பக்கம் எங்கள் சர்ச். ஜன்னலில் நின்று கூப்பிட்டால் சர்ச் வாசலில் கேட்கும். ஆனால் அங்கே போவதென்றால் பெரிய காரியம். நடைபாதை முழுக்கக் கடைக்காரர்களின் சாமான். தெரு முழுக்க முடிச்சூர்ப் பக்கம் போகிற ஷேர் ஆட்டோக்கள், தண்ணீர் கேன் வண்டிகள், இரண்டு பக்கமும் சிலிண்டர் தொங்கும் பைக்குகள். ஒருநாள் எங்கள் கண்ணெதிரே ஒரு வயதானவரைப் பைக் தட்டிவிட்டுப் போனது. அதிலிருந்து ஆறாம் வகுப்பு போகிறவரை தனியாகத் தெருவைத் தாண்டக் கூடாது என்று அம்மா எனக்குச் சட்டம் போட்டிருந்தாள். நான் ஐந்தாவது. தம்பி யு.கே.ஜி.

அந்த வருடம் டிசம்பரில், பண்டிகைக் கூட்டத்தில் நடக்கிறவர்கள் அடிபடாமல் இருக்க, மாலை நாலு மணியிலிருந்து ஒன்பது மணிவரை எங்கள் தெருவுக்குள் வண்டிகள் வரக்கூடாது என்று போலீஸ் உத்தரவு வந்தது. தெருவின் இரண்டு முனைகளிலும் இரும்புத் தடுப்பு போட்டார்கள். முனைகள் எங்கள் ஜன்னலுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நாலு மணியானால் ஹாரன் சத்தம் அடங்கிவிடும் என்பதுதான். முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக மூன்று தடவை நடந்தார், ஒன்றும் வாங்கவில்லை.

அதே மாதம்தான் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம். தம்பிக்கு ஆட்டுக்குட்டி வேஷம். பழைய வெள்ளை பனியனிலும் குரங்குக் குல்லாவிலும் அம்மா பஞ்சை ஒட்டி, அட்டையில் இரண்டு காது வெட்டித் தைத்திருந்தாள். எனக்கு வசனமில்லாத தேவதை வேஷம். இருந்தாலும், ஆட்டைக் கூட்டிவருகிற பொறுப்பு என்னுடையது என்பதில் ஒரு மிதப்பு. ஒத்திகை நாலு மணிக்கு. நாலு ஐந்துக்குக் கதவைச் சாத்திவிடுவேன், வெளியே நிற்கிற ஆட்டுக்குப் பதில் வேறு ஆடு வரும் என்று சண்டே ஸ்கூல் டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அதுவரை அம்மாதான் கூட்டிப்போனாள். கடைசி ஒத்திகையன்று, எங்களுக்கு அரையாண்டு விடுமுறை விட்ட பிறகும் அவளுக்குப் பள்ளியில் விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது. அவளும் டீச்சர். காலையில் கிளம்புகிற அவசரத்தில், வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

“நாலு மணி ஆனப்புறம்தான் கீழ இறங்கணும். அப்ப வண்டி எல்லாம் நின்னிருக்கும். தம்பி கைய விடாத. என்ன?”

ஆறாம் வகுப்புக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கும்போதே சட்டம் தளர்ந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் மூன்று மணியிலிருந்தே தம்பிக்கு வேஷம் போட்டு உட்காரவைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குல்லாவுக்குள் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. பெரிய முள் நாலு பத்துக்கு வந்தது. பத்தைக் கழித்தேன். நாலு. கதவைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

கீழே வண்டிகள் நின்றபாடில்லை. சொல்லப்போனால் வழக்கத்தைவிட அதிகமாக, வழக்கத்தைவிட வேகமாக வந்துகொண்டிருந்தன. வேறு பிள்ளையாக இருந்தால் பயந்து படியிலேயே நின்றிருக்கும். எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நாலு மணி ஆகிவிட்டது. இனிமேல் வருகிற வண்டியெல்லாம் தப்பு. தப்பு செய்கிறவர்கள்தான் நிற்க வேண்டும், நாங்கள் ஏன் நிற்க வேண்டும்? போலீஸ்காரர் செய்வதுபோல் வலது கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு, இடது கையில் ஆட்டுக்குட்டியைப் பிடித்தபடி தெருவில் இறங்கினேன்.

முதலில் வந்த ஸ்கூட்டர் அக்கா நிஜமாகவே நின்றுவிட்டார். சிலிண்டர் பைக் திட்டிக்கொண்டே வளைந்து போனது. எனக்கு இன்னும் தைரியம் வந்தது. நடுத்தெருவுக்கு வந்தபோது அந்த ஷேர் ஆட்டோ வந்தது. ஹாரன் காதைக் கிழித்தது, தம்பி பயந்து கையை உதறிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். டயர் தேய்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஆட்டோ நின்றிருந்தது. உட்கார்ந்த வேகத்தில் தம்பியின் தலையிலிருந்து குல்லா நழுவி முன்னால் விழுந்திருந்தது. அதன் ஒரு காதின்மேல் முன்சக்கரம் ஏறி நின்றது. சக்கரத்துக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

டிரைவர் குதித்து இறங்கினார். “யேய், வூட்ல சொல்லிக்கினு வந்தியா?” என்று கத்தியவர், கத்துகிற இடத்தில் இரண்டு குழந்தைகள் இருப்பதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

“நாலு மணி ஆயிடுச்சு. வண்டி உள்ள வரக்கூடாது. நீங்கதான் தப்பு” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு குனிந்து தன் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே காட்டினார். “இன்னா மணி கீது, நல்லா பாரு பாப்பா. நாலாவ இன்னும் அஞ்சு நிமிசம் கீது. அடைக்கறதுக்குள்ள ஒரு டிரிப்பு இட்டாந்துடலாம்னு வந்தேன்.”

மூன்று ஐம்பத்தைந்து. அவர் வாட்ச் ஸ்லோ என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அதைச் சொல்லவும் செய்தேன். ஆட்டோவில் இருந்தவர்கள் ஆளாளுக்குச் செல்போனை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் மூன்று ஐம்பத்தைந்து. ஊரே ஸ்லோவாக இருந்தது.

சர்ச் வாசலில் பூ விற்கிற அக்கா ஓடிவந்து தம்பியைத் தூக்கிக்கொண்டார். அவன் கையையும் காலையும் உருட்டி உருட்டிப் பார்த்தார்.

“மணிய அப்பாலிக்கா பாத்துக்கலாம் வுடு. புள்ளைக்கு ஒண்ணும் ஆவல. பெரிய பேஜாரு பூடுச்சுன்னு நெனச்சுக்கோ.”

அந்த அக்கா எங்களுக்காகக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி டிரைவர் குடித்தார். பாதி சட்டையில் கொட்டியது. “எம்புள்ளயும் இதே சைசுதாங்கா” என்று மட்டும் சொன்னார். பிறகு ஆட்டோவைப் பின்னால் தள்ளி, குல்லாவை எடுத்து உதறினார். அறுந்துபோன காதைத் தனியாகத் தட்டி, “இந்தா கண்ணு, ஒன் காது” என்று தம்பியிடம் கொடுத்தார். வெள்ளைப் பஞ்சில் டயரின் பட்டை பட்டையாக அச்சு பதிந்திருந்தது. தம்பிக்கு அது பிடித்துப்போய்விட்டது.

பூக்கார அக்கா எங்களை சர்ச் படியில் கொண்டுவந்து விட்டார். நாங்கள் படியில் நிற்கும்போதே ஹாரன் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. தடுப்பு போட்டுவிட்டார்கள். ஒரு அம்மா பையனை நடக்கவிட்டுப் பின்னால் நிதானமாக வந்தார். இரண்டு பேர் நடுத்தெருவில் நின்று பேச ஆரம்பித்தார்கள். அந்தத் தெருவைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அவன் வலிக்கிறது என்று சொல்கிறவரை அழுதேன். டீச்சர் கதவைச் சாத்தாமல் எங்களுக்காகக் காத்திருந்தார்.

ஐந்தரைக்கு அம்மா வந்தாள். பூக்கார அக்கா வழியிலேயே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. செருப்போடு உள்ளே ஓடிவந்து, தம்பியின் தலை, தோள், முழங்கால் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அடி நிச்சயம் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் என் கணக்கைச் சொல்லிவிட வேண்டும்.

“கடிகாரத்துல நாலு பத்தும்மா. பத்தைக் கழிச்சேன். கரெக்டா நாலு.”

ஓங்கிய கையோ என்னவோ, பாதியில் அப்படியே என் தலைமேல் இறங்கியது. “நீ சரியாத்தான்டி கழிச்ச” என்றாள். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி தன் காதைப் பெருமையாகக் காட்டினான். அதை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடத் தோளிலிருந்து எடுக்காமல் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினாள். செல்போனைப் பார்த்துப் பார்த்து முள்ளைப் பின்னால் திருப்பினாள். நான் எண்ணினேன். ஏழு கோடு.

“ஏம்மா குறைக்கிற?”

“பேட்டரி வீக்கா இருக்கு. தானா முன்னாடி ஓடிடுச்சு.”

பேட்டரி தளர்ந்தால் கடிகாரம் பின்தங்குமே தவிர முந்தாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இறங்கி வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, “அப்பாகிட்ட இதெல்லாம் சொல்லவேணாம்” என்றாள். என்னைத் திட்டிலிருந்து காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். அன்று மாலை ஜெபத்தில், எப்போதும் சொந்தக்காரர்கள் எல்லாருடைய பெயரையும் சொல்லி முடிக்கிறவள், ஸ்தோத்திரம் என்று ஒரே வார்த்தை சொல்லி நிறுத்திவிட்டாள். ஜலதோஷமா என்று கேட்டார் அப்பா.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் இட்லி ஏழு நிமிடம் முன்னால் தட்டுக்கு வந்தது. அம்மா அப்பாவைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கிளப்பிவிட்டாள். ரயில் தப்பவில்லை. ஆனால் அப்பா சாயங்காலம் முகம் தொங்கித் திரும்பினார். ஸ்டேஷனுக்குக் கால்மணி நேரம் ஆகிவிட்டதாம். அடுத்த நாளும் அப்படியே. ஒரே ராத்திரியில் தனக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி, முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கிவந்தார். அம்மா அதைத் தேய்த்துவிட்டாள்.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்து, அதே ரயிலைப் பிடிக்க ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் மூச்சு வாங்கிய பிறகுதான், ஒரு நாள் அந்த ஏழு நிமிடத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். இத்தனை வருடம் கழித்தும் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

“உங்கப்பா லேட்டானா பிரிட்ஜ் ஏற மாட்டாருடி. லைன்ல குதிச்சுத் தாண்டி ஓடுவாரு. ஒருநாள் மேல நின்னு நானே பார்த்தேன். சொன்னா கேக்கற ஆளா?”

அதனால் அப்பாவின் பத்தோடு யாருக்கும் தெரியாமல் தன்னுடைய ஏழு நிமிடத்தைச் சேர்த்து வைத்தாள். அவர் நிதானமாகப் படி ஏறி இறங்கும் நேரம் அது. அன்று காலை ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு என்னிடம் நாலு மணி என்று சொன்னபோது அந்த ஏழு நிமிடத்தை மறந்துவிட்டாள். கடிகாரத்திலிருந்து எடுத்துவிட்ட பிறகு, அதே ஏழு நிமிடத்தைத் தன் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். அப்பா ஓய்வு பெறுகிறவரை.

நாடகம் அந்த வார ஞாயிற்றுக்கிழமை நடந்தது. காதைத் திருப்பிக் கேட்டேன், அம்மா தரவில்லை. புதிதாக ஒன்று வெட்டித்தரவும் இல்லை. தம்பி ஒற்றைக் காதோடு மேடையில் தவழ்ந்து வந்து, இல்லாத காதைத் தடவிப் பார்த்துவிட்டு “மே” என்றான். சபை முழுவதும் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அப்பாதான். அவர் பக்கத்தில் அம்மா மட்டும், மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஒரு காது ஒட்டச் சோம்பல்பட்டுவிட்டு இப்போது அழுது என்ன பிரயோசனம் என்று, தேவதை வேஷத்தில் நின்றபடி நினைத்துக்கொண்டேன்.